எவ்வளவு என்று கேளுங்கள்

மன்னர் கல்லூரியிலோ, திருச்சி, காரைக்குடிப் பக்கமோ எம்.எஸ்சி. முடித்துவிட்டு, "ஐயா, ஜீன் தெரபியில் பிஎச்.டி. பண்ணலாமா, மூளை ஸ்டெம் செல்லில் பண்ணலாமா?" என்று கேட்டு வரும் பிள்ளைகள் புதுக்கோட்டையில் இப்போது கூடியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. வைரஸைக் கொண்டு மரபணுவைச் செல்லுக்குள் சேர்ப்பதும், நரம்பு ஸ்டெம் செல்லை வளர்ப்பதும்தான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் எழுதி வைக்கிறேன். முக்கியத்துவப்படி வரிசை போடவில்லை. நினைவுக்கு வந்தபடி இருக்கிறது.

1. ஒரு பேப்பரைக் கையில் எடுத்தால் "வேலை செய்ததா?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு செய்தது?" என்று கேளுங்கள். இந்தத் துறையில் பாதி அறிவு இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அந்தப் பழக்கத்தின் மேல்தான் பாகாயத்தில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் வளர்ந்தது. அங்கே டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, ஹீமோபிலியா ஏ நோய்க்கு ஜீன் தெரபி செய்து 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, லென்டிவைரஸ் வழியாக, ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் எட்டுக்கான மரபணுவைச் சேர்த்து, அவருக்கே திருப்பிக் கொடுப்பதுதான் சிகிச்சை. மொத்தம் ஐந்து பேர், 22 முதல் 41 வயது வரை. எல்லாருடைய கண்காணிப்புக் காலத்தையும் கூட்டினால் 81 மாதம்; அதில் ரத்தக்கசிவு இல்லை. செய்தித்தாளுக்கு இது போதும். உங்களுக்குப் போதாது.

உள்ளே போய்ப் பாருங்கள். முதல் இருவருக்கு ரத்தத்தில் ஃபேக்டர் அளவு இயல்பில் 5.2, 1.7 சதவீதம் என்று வந்தது. அடுத்த மூவருக்கு, வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஒரு பொருளைச் சேர்த்துக்கொண்டார்கள், அளவு 37.1, 19.3, 39.9. ரத்தச் செல்லுக்குச் சராசரியாக எத்தனை மரபணுப் பிரதி என்று எண்ணியபோது முதல் இருவரிடம் 0.2, 0.1, பின் மூவரிடம் 4.4, 3.2, 4.8. அதே வைரஸ், அதே மருத்துவமனை. ஆனால் எத்தனை பிரதி உள்ளே போனது என்பதில் ஆளுக்கு ஆள் அத்தனை வித்தியாசம். ஐந்து பேருக்கும் வேலை செய்தது என்று மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தவருக்கு இந்தப் பேப்பரின் உயிர்நாடி தெரியாமலே போகும்.

2. அதே கேள்வியை ஆபத்தின் பக்கமிருந்தும் கேளுங்கள். முதுகெலும்புத் தசைச் சிதைவு என்கிற எஸ்.எம்.ஏ. நோய்க்கு 2019 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸோல்ஜென்ஸ்மாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 16 கோடி ரூபாய் ஊசி என்று சொல்லி, நம் மாநிலத்துக் குடும்பங்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்த ஊசியில் உடல் எடையில் கிலோவுக்கு 110 லட்சம் கோடி ஏஏவி (அடினோ சார்ந்த வைரஸ்) துகள்கள் போகின்றன. ஐந்து கிலோ குழந்தைக்கு 550 லட்சம் கோடி. (லட்சம் கோடி என்ற கணக்கை நாம் வேறு இடத்தில் கேட்டுப் பழகியிருக்கிறோம். இங்கே அது ஒரு சிறு குப்பிக்குள் இருக்கிறது.)

இதே ஏஏவி வகை வைரஸை வைத்து வேறொரு தசை நோய்க்கு ஒரு சோதனை நடந்தது. கிலோவுக்கு 300 லட்சம் கோடி பெற்ற சிறுவர்களில் மூவர் 2020-இல் கல்லீரல் பழுதில் தொடங்கி இறந்தார்கள். அளவை 130 லட்சம் கோடியாகக் குறைத்தார்கள். 2021-இல் அதிலும் ஒரு சிறுவன் இறந்தான். அளவு குறைந்தாலும், ஏற்கெனவே நலிந்திருந்த கல்லீரல் தாங்கவில்லை. இதற்கு முன்னால் 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன், கல்லீரல் தமனிக்குள் அடினோவைரஸ் செலுத்தப்பட்ட நாலாம் நாள் இறந்தான். லேசான நோய்தான், மாத்திரையிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் நடமாடிக்கொண்டிருந்த பையன். அந்தச் சாவுக்குப் பிறகு இந்தத் துறை பத்து வருடம் தலை நிமிரவில்லை. நீங்கள் சேரும் லேபில் முதல் வாரத்திலேயே இந்தப் பெயரைச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தராவிட்டால் நீங்களே தேடிப் படியுங்கள்.

3. வைரஸை ஒருமுறையாவது உங்கள் கையால் தயாரியுங்கள். இப்போது காசு கொடுத்தால் பார்சலில் வருகிறது; வரட்டும். ஆனால் தானே தயாரிக்காதவனுக்கு டைட்டர், அதாவது வைரஸின் செறிவு, என்பது வெறும் எண்.

ஏஏவி என்றால் ஹெக் 293 செல்லுக்குள் மூன்று பிளாஸ்மிட் போட்டு, மூன்று நாள் கழித்து செல்லை உடைத்து, அயோடிக்ஸனால் அடுக்கில் சுத்தம் செய்வீர்கள். குழாயில் 15, 25, 40, 60 சதவீதம் என்று நாலு அடர்த்தி. நீண்ட ஊசியைக் குழாயின் அடிவரை விட்டு, லேசானதை முதலிலும் கனமானதைக் கடைசியிலும் அடியில் இறக்க வேண்டும். மேலே உள்ளது தானாக உயர்ந்து வழிவிடும். 25-லும் 60-லும் சிவப்புச் சாயம் கலந்திருப்பதால் கோடுகள் தெரியும். ஒரே ஒரு காற்றுக்குமிழி ஊசி வழியாக வந்தால் போதும், கோடு கலங்கிவிடும். பிறகு அல்ட்ராசென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு அறுபதாயிரத்துக்கு மேல் சுற்று. முடிந்ததும் குழாயின் பக்கவாட்டில் ஊசி குத்தி, 40 சதவீத அடுக்கை மட்டும் மெதுவாக உறிஞ்சுவீர்கள். அதற்கு மேலே நிற்பது காலி ஓடுகள், உள்ளே மரபணு இல்லாத வைரஸ் கூடுகள். பேராசைப்பட்டு இன்னும் கொஞ்சம் உறிஞ்சினால் அவையும் கூட வரும். மரபணுவை எண்ணிப் போடும் டைட்டரில் அவை தெரியாது. நோயாளியின் எதிர்ப்புச் சக்திக்குத் தெரியும்.

4. தயாரித்ததைச் சின்னச் சின்னக் குப்பியாகப் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். உருக்கி உறைய வைத்து, மறுபடி உருக்கினால் ஒவ்வொரு தடவையும் வீரியம் குறையும். பாதியை வேறு ஃப்ரீசரில் வையுங்கள், முடிந்தால் வேறு கட்டடத்தில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டையில் மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்று உங்கள் வீட்டாரைக் கேளுங்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்வார்கள். டீசல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

5. லேப் நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் எண் போடுங்கள், தோற்றதற்கும் சேர்த்து. மேலே சொன்ன 293 செல்லுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடனில் ஃபிராங்க் கிரஹாம் செய்த 293-ஆம் சோதனை அது. அவ்வளவுதான் விஷயம். இன்று எத்தனையோ லேபில் வைரஸ் அந்தச் செல்லில்தான் தயாராகிறது.

தமிழில் படித்து வந்த பிள்ளைகள் நோட்டு எழுதக் கூச்சப்படுகிறார்கள். இலக்கணப் பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. தேதி, லாட் எண், எத்தனையாவது பாஸேஜ், எந்த இன்குபேட்டர் என்பதில் பிழை இருக்கக்கூடாது.

6. எந்த வைரஸ் எதற்கு என்று குழம்பாதீர்கள். பழைய ரெட்ரோவைரஸ், பிரிந்துகொண்டிருக்கும் செல்லுக்குள் மட்டும் மரபணுவைச் சேர்க்கும். உட்கருவின் சுவர் கரையும் நேரம் அதற்கு வேண்டும். அதனால்தான் மூளையில் புதிதாகப் பிறக்கும் நியூரானை அடையாளம் பிடிக்க இன்றும் அதைப் பயன்படுத்துகிறோம். முதிர்ந்த நியூரான் பிரிவதில்லை. அங்கே ரெட்ரோவைரஸ் நிற்காது. 1996-இல் லூய்ஜி நால்தினி, இந்தர் வர்மா, ஃபிரெட் கேஜ், டிடியே ட்ரோனோ குழுவினர் எச்.ஐ.வி.யிலிருந்து நோய்க்கான பகுதிகளைக் கழித்துவிட்டு, எலியின் மூளை நியூரானுக்குள் மரபணுவைச் சேர்த்துக் காட்டினார்கள். அதுதான் லென்டிவைரஸ்; வேலூர்ச் சிகிச்சையின் கொடிவழி அங்கே போய் நிற்கிறது.

ரெட்ரோவும் லென்டியும் நம் மரபணுத் தொகுதிக்குள்ளேயே புகுந்து உட்காரும். எங்கே உட்காரும் என்பது நம் கையில் இல்லை. பாரிஸில் எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறந்த குழந்தைகளை ரெட்ரோவைரஸ் சிகிச்சை குணப்படுத்தியது என்று 2000-இல் உலகமே கொண்டாடியது. இரண்டு வருடம் கழித்து அவர்களில் சிலருக்கு ரத்தப் புற்று. எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவின் பக்கத்தில் வைரஸ் போய் அமர்ந்து அதைத் தூண்டிவிட்டிருந்தது. ஏஏவி பெரும்பாலும் தனியாக நிற்கும். ஆனால் அதில் சுமார் 4,700 எழுத்துக்கு மேல் இடமில்லை. எஸ்.எம்.ஏ. மரபணு தாராளமாகக் கொள்ளும். தசைச் சிதைவு நோயின் டிஸ்ட்ரோஃபின் 11,000 எழுத்து. வெட்டிச் சுருக்காமல் நுழையாது. பிறக்கும்போது சிலருக்குத் தாயிடமிருந்து வந்த ஏஏவி எதிர்ப்பொருள் இருக்கும்; அது குறைந்தபின், வளர வளரத் தன்னுடையது வருகிறது. வந்தவருக்கு அந்த வழி அடைபட்டுப்போகிறது.

7. மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக மின்னுவதெல்லாம் நீங்கள் நினைக்கிற செல் அல்ல. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பிஎச்.டி. பிள்ளைகள் விழுவது இங்கேதான்.

மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் நியூரோடி1 என்ற ஒரு மரபணுவை ஏஏவி மூலம் அனுப்பினால் அது நியூரானாக மாறுகிறது என்று பல லேப்கள் எழுதின. பார்க்கின்சனுக்கும் பக்கவாதத்துக்கும் வழி பிறந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். 2021-இல் டெக்ஸாஸில் சுன்-லி ஜாங் லேபில் ஒரு எளிய காரியம் செய்தார்கள்: ஆஸ்ட்ரோசைட்டுகளை முன்கூட்டியே வேறொரு நிறத்தில் நிரந்தரமாகக் குறித்துவிட்டு, அதன்பிறகு வைரஸைப் போட்டார்கள். மாறியதாகச் சொன்ன நியூரான்களில் அந்தக் குறி இல்லை. அவை முன்பே இருந்த நியூரான்கள். வைரஸின் ப்ரமோட்டர் கசிந்து அவற்றிலும் நிறம் ஏறியிருந்தது.

அதே வருடம் கலிஃபோர்னியாவில் ஸால்க் நிறுவனத்தையும் சான் டியேகோ பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர்கள் இன்னொன்று கண்டார்கள். எலியின் ஹிப்போகாம்பஸில் நியூரான்களைப் படம்பிடிக்க எல்லாரும் வழக்கமாகப் போடும் அளவு ஏஏவி, அங்கே பிரிந்துகொண்டிருக்கும் இளம் நரம்பு முன்செல்களைக் கொன்றுவிடுகிறது. மரபணு எதுவானாலும் சரி, வைரஸின் இரு முனையில் இருக்கும் டி.என்.ஏ. துண்டே போதுமாம். அளவைக் குறைத்தால் சேதம் குறைகிறது. திரும்பவும் "எவ்வளவு" என்ற கேள்வியிலேயே வந்து நிற்கிறோம். பார்ப்பதற்காகப் போட்ட வைரஸ் பார்க்க வேண்டியதையே அழித்திருந்தால், நீங்கள் வரையும் கிராஃபுக்கு என்ன அர்த்தம்?

ஆகவே வெறும் சலைன் போட்ட கன்ட்ரோல் ஒன்று. நீங்கள் சோதிக்கும் மரபணு மட்டும் இல்லாத அதே வைரஸ், அதே டைட்டரில், ஒன்று. இரண்டும் இல்லாமல் கைடு அறைக்குப் போகாதீர்கள். எலியின் மூளைக்குள் ஊசியை இறக்கியபின் நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளாதீர்கள். தள்ளி முடித்தும் ஐந்து நிமிடமாவது ஊசியை அப்படியே விடுங்கள். அவசரமாக இழுத்தால் வைரஸ் ஊசித்தடம் வழியே மேலேறி, கார்ட்டெக்ஸ் முழுக்கப் பச்சையாகும்.

8. நியூரோஸ்பியர் வளர்க்கிறவர்களுக்கு: தட்டை ஆட்டாதீர்கள். கல்கரியில் ரேனால்ட்ஸும் வைஸும் 1992-இல் வளர்ந்த எலியின் மூளையிலிருந்து எடுத்த செல்கள் உருண்டையாகத் திரண்டு மிதப்பதைக் காட்டினார்கள். ஒரு உருண்டை ஒரு ஸ்டெம் செல்லிலிருந்து வந்தது என்று வைத்துத்தான் எல்லாரும் எண்ணுகிறோம். இன்குபேட்டர் கதவைத் தினமும் திறந்து தட்டை எடுத்துப் பார்த்து வைத்தால், உருண்டைகள் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை பொய்யாகிவிடும். நல்ல உருண்டையின் ஓரம் பளபளவென்று இருக்கும். நடுவில் கருக்க ஆரம்பித்தால் உள்ளே சாகிறது. அன்றே பிரியுங்கள், ஞாயிற்றுக்கிழமையானாலும்.

9. பெரியவர்கள் சண்டை போட்டால் முடிவுரையைப் படிக்காதீர்கள், செய்முறையைப் படியுங்கள். வளர்ந்த மனித மூளையில் புது நியூரான் பிறக்கிறதா? ஜோசப் ஆல்ட்மன் 1962-இலேயே எலியில் பிறக்கிறது என்றார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1998-இல் எரிக்ஸனும் கேஜும், கட்டியின் வளர்ச்சியைப் பார்ப்பதற்காக, பிரியும் செல்லைக் குறிக்கும் பி.ஆர்.டி.யு. கொடுக்கப்பட்டிருந்த புற்றுநோயாளிகளின் மூளையை அவர்கள் இறந்தபின் ஆராய்ந்து, மனிதரிலும் உண்டு என்றார்கள். 2018-இல் சான் பிரான்சிஸ்கோக் குழு பெரியவர்களில் காணவில்லை என்றது. ஒரு மாதத்துக்குள் நியூயார்க் குழு 79 வயதுவரை இருக்கிறது என்றது. 2019-இல் மாட்ரிட்டில் மரியா யோரென்ஸ்-மார்ட்டின் குழு, சடலத்து மூளைத் திசு ஃபார்மலினில் எத்தனை நேரம் கிடந்தது என்று பார்த்தது. ஒரு நாளுக்குள் எடுத்தால் இளம் நியூரானின் டபுள்கார்ட்டின் குறி தெரிகிறது. மாதக்கணக்கில் ஊறினால் மறைகிறது. சண்டை இன்னும் முடியவில்லை. என் சாய்வு மாட்ரிட் பக்கம்தான், ஆனாலும் அதை வைத்து மருந்து விற்க வருகிறவனை நம்ப மாட்டேன்.

10. லென்டிவைரஸ் போட்ட ஊசியின் மூடியைத் திரும்ப மாட்டாதீர்கள். பிளீச் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில்.

11. நோயைத் தேர்ந்தெடுக்கும்போது பாஸ்டனைப் பார்க்காதீர்கள். நம் வார்டைப் பாருங்கள். ஏ.ஏ.டி.சி. குறைபாடு என்று ஒரு நோய்: குழந்தைக்குத் தலை நிற்காது, டோபமைன் சுரக்காது. உலகில் மிக அரிது. தைவானில் ஒரே மரபுப் பிழை தலைமுறையாக வந்ததால் அங்கே கூடுதல். அதனால் தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் டாக்டர் ஹ்வு அதை எடுத்துக்கொண்டார். நான்கு குழந்தைகளின் மூளையில் ஏஏவியை நேராகச் செலுத்தி 2012-இல் வெளியிட்டார். 2022-இல் ஐரோப்பாவும் 2024-இல் அமெரிக்காவும் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன.

மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நம்மிடம் நிறைய. தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பிழை குழந்தையில் சேர்கிற நோய்கள் அதனால் இங்கே கூடுதலாகத் தெரிகின்றன. ராணியார் மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் குழந்தைகள் பிரிவு மருத்துவர்களிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள். எந்த மாநாட்டிலும் கிடைக்காத கேள்விகள் கிடைக்கும். உறவுக்குள் கட்டியதைக் குற்றமாகச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாய் ஏற்கெனவே மாமியார் வாயிலிருந்து அதைக் கேட்டிருப்பாள். கண்ணெதிரே கண்ட நோயை எடுத்துக்கொண்டவர் நம் ஊரிலேயே உண்டு: 1886-இல் இதே ஊரில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தார்.

12. காசு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்குங்கள், மாதம் 37,000, அதோடு வீட்டு வாடகைப்படி. வேலூர், பெங்களூர் இன்ஸ்டெம், என்.சி.பி.எஸ்., மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., மானேசர் மூளை ஆராய்ச்சி மையம், ஏஏவி என்றால் ஐ.ஐ.டி. கான்பூர் என்று கதவுகள் இருக்கின்றன. உதவித்தொகை மாதக்கணக்கில் பிந்தும், கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தனியாக: "ரெண்டு வருஷத்தில் முடிந்துவிடும்" என்று வீட்டில் சொல்லாதீர்கள். ஐந்து ஆறு வருடம் ஆகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், வரன் பார்க்கும் பேச்சு வரும்போது கூட்டிப் பேச வேண்டியதில்லை.

13. நீங்கள் ஸ்டெம் செல் படிக்கிறீர்கள் என்று தெரிந்ததும் அறந்தாங்கியிலிருந்தும் பொன்னமராவதியிலிருந்தும் போன் வரும். "ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி போடுகிறார்களாமே, நிலத்தை அடகு வைத்தால் போட்டுவிடலாமா, தம்பி?" என்று கேட்பார்கள். மழுப்பாதீர்கள். ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. சோதனையில் நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. காசு கேட்டாலே அது சோதனை இல்லை என்று புரியும்படி சொல்லுங்கள்.

இன்னும் கேட்டால் இதையும் சொல்லுங்கள். நடை தள்ளாடும் ஒரு மரபு நோய் உள்ள இஸ்ரேலியச் சிறுவனை 2001 முதல் மாஸ்கோவுக்குக் கூட்டிப்போய், கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்லை மூளையிலும் தண்டுவட நீரிலும் செலுத்தினார்கள். நாலு வருடம் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி. எடுத்துச் சோதித்தபோது அது அவனுடைய செல் இல்லை. கொடுத்தவர்களின் செல், அதுவும் ஒருவருக்கு மேற்பட்டவர்களுடையது. நாம் தட்டில் ஆசையாக வளர்க்கும் அதே செல்தான். எத்தனை செல் போட்டார்கள், அவை எத்தனை முறை பிரிந்தன என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

14. மரபணுத் தொகுதிக்குள் உட்காரும் வைரஸைப் பெற்ற நோயாளியை 15 ஆண்டு வரை கண்காணிக்கச் சொல்கிறார்கள். உங்கள் பிஎச்.டி. முடிந்து, போஸ்ட்டாக் முடிந்து, வேறு வேலைக்கே போயிருப்பீர்கள். அதற்குள் சிம் மாறும், வீடு மாறும், திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ பிழைக்கப் போய்விடுவார்கள். ஆகவே கிளினிக்கல் ட்ரையலில் வேலைக்குச் சேர்ந்தால் ஒப்புதல் படிவத்தோடு ஒரு தனித்தாள் வையுங்கள்: தாய்மாமன் எண், ஊர் ரேஷன் கடை எந்தத் தெருவில், கிராமச் செவிலியர் யார், குலதெய்வக் கோயில் எங்கே. மாசி மகாசிவராத்திரிக்கு எங்கிருந்தாலும் அங்கே வந்துவிடுவார்கள்; ரத்த மாதிரி எடுக்கும் தேதியை அதற்கு அடுத்த வாரம் போடுங்கள்.